பஸ் நின்றால் ரோட்டுக்குத் தெரிய வேண்டும்

அன்புள்ள பிள்ளைகளே, சொந்தக்காரர்களே,

இது நீளமான பதிவு. கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டு ராத்திரி வாசியுங்கள். "டீச்சர் பாடம் எடுக்கத் தொடங்கிட்டாங்க" என்று சிலர் சிரிப்பீர்கள். பாடம்தான். இயற்பியல் கொஞ்சம் வரும், கணக்கும் வரும்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்கு வந்த என் அண்ணன் மகன் இரண்டு நாள் நம்ம வீட்டில் தங்கினான். பெங்களூரில் வண்டிகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. சாயா குடித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து, "அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்க, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்" என்றான். ஒரு ஆராய்ச்சித் திட்டத்தின் வரைவு. வண்டியும் ரோடும் ரேடியோ வழியாகப் பேசிக்கொண்டால் விபத்து குறையுமா என்று சோதித்துப் பார்க்கிற திட்டம். வி டூ ஐ என்று சொல்கிறார்கள். வண்டியில் ஒரு பெட்டி, ரோட்டோரக் கம்பத்தில் ஒரு பெட்டி. "முன்னால சிக்னல் சிவப்பாகப் போகுது", "வளைவுக்கு அப்பால ஒரு லாரி பழுதாகி நிக்குது" என்று கம்பம் சொல்லும். "நான் இந்த வேகத்துல இந்தத் திசையில வாறேன்" என்று வண்டி சொல்லும். ஒரு வினாடிக்குப் பத்து முறை.

வரைவின் முதல் பக்கத்தில் ஒரு படம். நாலுவழிச் சாலை, நடுவில் அரளிச் செடி, கோட்டுக்குள்ளே ஒழுங்காகப் போகிற கார்கள், ஓரத்தில் கம்பம், கம்பத்திலிருந்து வளையம் வளையமாக அலை. படம் அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "இதுல நடந்து போறவ எங்க மக்ளே?"

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அது அடுத்த கட்டத்துல வரும் அத்தை" என்றான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அடுத்த கட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எனக்கு ஒரு மாணவி இருந்தாள். பெயரை எழுதமாட்டேன், அவளுடைய பிள்ளைகள் இதை வாசிக்கலாம். உங்களில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவாள். ஒரு மழை நாளில் வழக்கம்போல பஸ்ஸிலிருந்து இறங்கி, அந்த பஸ்ஸுக்கு முன்னால் சுற்றி ரோட்டைக் கடந்தாள். நின்ற பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு வேன் வந்தது.

வேன்காரரை எல்லாரும் திட்டினோம். நானும் திட்டினேன். ஆனால் அந்த ஆள் குடித்திருக்கவில்லை, அப்படியொன்றும் பறந்து வரவும் இல்லை. பஸ் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு வேன் தெரியாது, அந்தப் பக்கம் வருகிறவருக்கு இவள் தெரியமாட்டாள். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று எட்டாம் வகுப்பில் அட்டையில் ஓட்டை போட்டு மெழுகுவர்த்தி வைத்துக் காட்டினேனே, அதே பாடம்தான். அவளும் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான்.

இப்போது கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். நம்ம நாட்டில் ரோடு வடிவமைக்கிறவர்களுக்கு விதி எழுதுகிற இந்திய சாலைக் காங்கிரஸ், ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 வினாடி என்று கணக்கு வைக்கிறது. அதற்குள்ளேயே வண்டி ஏறக்குறைய 42 மீட்டர் ஓடிவிடும். அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 40 மீட்டர் அளவுக்கு வேண்டும். ஆக மொத்தம் 80 மீட்டர். பஸ் மறைவிலிருந்து ஒரு பெண் அடியெடுத்து வைக்கும்போது வேன் 10 மீட்டர் தொலைவில் இருந்தால், ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிரேக் எவ்வளவு புதிதாக இருந்தாலும், கணக்கு அவளுக்குச் சாதகமாக வராது.

அதனால்தான் இந்த வி டூ ஐ விஷயத்தை நான் கேலி செய்யவில்லை. கண்ணால் முடியாததை இது செய்யும். கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் பஸ் சுவர் இல்லை, ஒரு தீப்பெட்டி மாதிரிதான். மேலே இருந்து ரோட்டின் இரண்டு பக்கமும் தெரியும். எச்சரிக்கை ஒரே ஒரு வினாடி முன்னால் கிடைத்தால் 16.7 மீட்டர் மிச்சம். ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம் அது. அவளுக்கு அது போதுமா என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

ஆகவே என் சண்டை தொழில்நுட்பத்தோடு இல்லை. ஆராய்ச்சியைத் திட்டமிடுகிற இடத்தில்தான். எதை முதலில் கேட்கிறோமோ அதற்குத்தான் பதில் வரும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். இந்தியாவில் அந்த வருஷம் ரோட்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44.5 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 பேர் நடந்து போனவர்கள். இந்த இரண்டையும் கூட்டினால் 64. கார், டாக்ஸி, வேன் என்று நாலு சக்கரத்துக்குள் இருந்து இறந்தவர்கள் எட்டில் ஒரு பங்குதான். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். இப்படி இருக்க, காருக்குள் இருக்கிறவருக்கு டாஷ்போர்டில் எச்சரிக்கை காட்டுவதை முதல் கட்டமாகவும், மற்றவர்களை அடுத்த கட்டமாகவும் வைத்தால், அந்த அடுத்த கட்டத்தில் நிற்கிறவர்கள்தான் நூற்றுக்கு 64 பேர்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கும் இந்தக் கணக்கெல்லாம் தெரிந்துதான் இருந்தது. "அத்தை, ஸ்கூட்டர்காரன்கிட்டயும் நடக்கறவங்ககிட்டயும் பெட்டி கிடையாதே, அவங்ககூட ரோடு எப்படிப் பேசும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கண்டுபிடிப்பதுதானே மக்ளே ஆராய்ச்சி என்றேன். அவன் சிரித்துவிட்டு இன்னொரு சாயா கேட்டான்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று பார்த்தோம். நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2012-ல் ஆன் ஆர்பர் என்கிற ஊரில் ஏறக்குறைய 2,800 வண்டிகளில் ரேடியோ பொருத்திச் சோதித்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டு அரசாங்கம் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுத்தது. ஒவ்வொரு இடத்திலும் கேள்வி வேறு. வயோமிங் மாநிலத்தில் பனியும் காற்றும் அடிக்கிற நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது. டாம்பா நகரத்தில், காலையில் ஒரு திசையிலும் சாயங்காலம் எதிர்த் திசையிலும் வண்டி விடுகிற ஒரு மேம்பாலச் சாலையில் தவறான பக்கம் நுழைகிறவரை எச்சரிப்பது. நியூயார்க்கில் நகரத் தெருவில் வேகத்தைக் குறைப்பது, நடப்பவரைக் காப்பாற்றுவது, பார்வை இல்லாதவர்களுக்குக் கடக்க உதவுவது. அங்கே உயரமான கட்டிடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ் இடம் மாறிக் காட்டியது, அதைச் சரிசெய்யத் தனியாகப் பாடுபட்டார்கள். ஜப்பானில் 2015 முதல் சில சந்திப்புகளில் சிக்னல் கம்பமே காரோடு பேசுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு ஊரும் தன் ஊரில் ஜனங்கள் எப்படிச் சாகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தன் கேள்வியைத் தேர்ந்தெடுத்தது. வயோமிங்கின் பனி நமக்கு வேண்டாம். நமக்கு நம்ம கேள்வி வேண்டும். களியக்காவிளையின் கேள்வி, நின்ற பஸ்ஸுக்கு முன்னால் இறங்கி நடக்கிறவள்.

நம்ம நாட்டிலேயே வண்டி பேசுகிற காரியம் புதிதில்லை. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து எல்லா நாலு சக்கரத்துக்கும் கட்டாயமான ஃபாஸ்டாக் அதுதான். கண்ணாடியில் ஒட்டிய சீட்டும் டோல்கேட்டும் பேசிக்கொள்கின்றன. காசு வாங்க ரோட்டுக்கு வாய் வந்துவிட்டது, உயிரைக் காப்பாற்றத்தான் இன்னும் வரவில்லை. (இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் "இதைக் கட்டாயம் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.) ரயிலில் கவச் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தண்டவாளத்துக்கு நடுவில் சின்னச் சின்ன அட்டைகள், ஸ்டேஷனில் ரேடியோ. ஓட்டுநர் சிவப்பு விளக்கைத் தாண்டப் போனால் இன்ஜின் தானாகவே பிரேக் போடும். அதை அப்படியே ரோட்டுக்குக் கொண்டுவரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. தண்டவாளம் ஒரே முதலாளிக்குச் சொந்தம், ஓட்டுகிறவர் ஒருத்தர், அவருக்கு வருஷக்கணக்கில் பயிற்சி. நம்ம ரோட்டில் பஸ், ரப்பர் பால் கேன் கட்டிய சைக்கிள், மீன் கூடை ஏற்றிய டெம்போ, மூன்று பேர் உட்கார்ந்த பைக், எல்லாருக்கும் ஒரே தார்.

நாக்பூரில் 2021-ல் தொடங்கிய ஐராஸ்டே திட்டம் நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஹைதராபாத் ஐஐஐடி, மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், இன்டெல், நாக்பூர் மாநகராட்சி என்று பலர் சேர்ந்து செய்தது. காரைத் தொடாமல் நகரப் பேருந்துகளில் கேமராவும் எச்சரிக்கைக் கருவியும் வைத்தார்கள். பஸ் தினமும் அதே வழியில் போகும். எந்த இடத்தில் திரும்பத் திரும்ப எச்சரிக்கை ஒலிக்கிறதோ, அங்கே இன்னும் யாரும் சாகவில்லை என்றாலும், சாகப் போகிற இடம் என்று தெரிந்துவிடும். விபத்து நடந்த இடத்தைக் கரும்புள்ளி என்கிறோமே, இவர்கள் இதைச் சாம்பல் புள்ளி என்கிறார்கள். செத்த பிறகு எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பஸ்ஸிலிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றியது இதனால்தான். புதிதாகப் பதிவாகிற பஸ்களில் 2019 ஜனவரி முதல் இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. அதாவது, பாதிப் பெட்டி ஏற்கெனவே பஸ்ஸில் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு சொல்லைத்தான் அது சொல்லப் பழக வேண்டும்: "நான் நின்றுவிட்டேன், கதவு திறந்திருக்கிறது."

இதைக் கம்பம் கேட்கும். கேட்டவுடன் பஸ்ஸுக்குப் பின்னால் 80 மீட்டர் தள்ளி, எதிர்ப்பக்கமும் 80 மீட்டர் தள்ளி, ஒரு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரியும். பஸ் கிளம்பியதும் அணையும். அவ்வளவுதான். வேன்காரரிடம் பெட்டி வேண்டாம். ஸ்கூட்டர்காரரிடமும் வேண்டாம், இறங்கி நடக்கிறவளிடம் ஸ்மார்ட்போனும் வேண்டாம். கண்தான் எல்லாரிடமும் உள்ள ரிசீவர். பின்னாளில் கார்களிலும் லாரிகளிலும் பெட்டி வரும்போது அதே செய்தி ரேடியோவிலும் போகட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

எப்போதும் எரிகிற மஞ்சள் விளக்கு எத்தனையோ இருக்கிறதே, யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதுதான் விஷயம். எப்போதும் எரிகிற விளக்கை ஒரு வாரத்தில் கண் மறந்துவிடும். வகுப்பில் எப்போதும் சத்தம் போடுகிற டீச்சரைப் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள், தெரியும்தானே. உண்மையாகவே ஒரு பஸ் நிற்கும்போது மட்டும் எரிகிற விளக்கு வேறு. வேறாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். நினைப்பது போதாது, சோதிக்க வேண்டும்.

சோதனையை எப்படித் திட்டமிடுவது என்பதில்தான் மருமகனுக்கும் எனக்கும் ராத்திரி பதினொன்று வரை வாக்குவாதம்.

அவன் வரைவில், ஒரு வருஷம் அதிகம் விபத்து நடந்த சந்திப்பைத் தேர்ந்தெடுத்து, கருவி பொருத்தி, மறு வருஷம் எத்தனை குறைந்தது என்று பார்ப்பதாக இருந்தது. இந்தப் பொறியில் நான் முப்பது வருஷம் விழுந்து கிடந்தேன். அரைப்பரீட்சையில் கடைசி மார்க் வாங்கிய பத்துப் பேரைக் கூப்பிட்டுத் திட்டுவேன். முழுப்பரீட்சையில் அவர்களில் பெரும்பாலோர் கொஞ்சம் கூடுதல் மார்க் வாங்குவார்கள். என் திட்டுக்கு அவ்வளவு சக்தி என்று நினைத்தேன். முதல் மார்க் வாங்கியவர்களைப் பாராட்டுவேன், அவர்களுக்கு அடுத்த முறை குறையும். பாராட்டினால் கெட்டுவிடும் என்று முடிவு கட்டினேன். ரிட்டயர்டு ஆகப் போகிற சமயத்தில்தான் புரிந்தது. ரொம்ப மோசமான ஒரு நாள் அடுத்த நாள் தானாகவே கொஞ்சம் நன்றாகிவிடும், நான் ஒன்றும் செய்யாவிட்டாலும். (திட்டு வாங்கியவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே சொல்கிறேன்.) விபத்தும் அப்படித்தான். ஒரு வருஷம் மூன்று சாவு நடந்த முக்கில் மறு வருஷம் ஒன்று நடந்தால், கருவி காப்பாற்றியது என்று படம் போட்டுக் காட்டலாம். கருவியே வைக்காமல் இருந்திருந்தாலும் ஒன்றுதான் நடந்திருக்குமோ என்னவோ.

அதனால் சாவை எண்ணக் கூடாது. நல்லவேளையாக, எண்ணுவதற்குப் போதுமான அளவு சாவு ஒரு முக்கில் நடப்பதில்லை. மயிரிழையில் தப்பியதை எண்ண வேண்டும். பஸ் நின்றபோது முந்திய வண்டிகள் எத்தனை, என்ன வேகத்தில், நடந்தவர் எத்தனை முறை பின்வாங்கினார். இவை தினமும் நடப்பவை. சில வாரத்தில் கணக்குத் தேறிவிடும்.

நியூயார்க்கில் இன்னொரு நல்ல வழி வைத்திருந்தார்கள். முதல் சில மாதங்கள் வண்டியிலுள்ள கருவி எல்லாவற்றையும் கவனித்தது, எழுதி வைத்தது, ஆனால் ஓட்டுநரிடம் ஒரு சத்தமும் போடவில்லை. பிறகுதான் பேச விட்டார்கள். பேசுவதற்கு முன்னும் பின்னும் அதே ஓட்டுநர், அதே தெரு. இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைக்காது. நம்ம விளக்கையும் முதலில் மூன்று மாதம் அணைத்து வைத்து, கேமராவை மட்டும் பார்க்க விடலாம்.

இங்கே நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். ஒரு நிறுத்தத்தில் கருவி வைத்தால், இன்னொரு நிறுத்தத்தில் அதே பணத்துக்குக் கருவி இல்லாத வேலை செய்ய வேண்டும். நல்ல தெருவிளக்கு, உயர்த்திக் கட்டிய கடக்கும் மேடை, பஸ் ரோட்டிலேயே நிற்காமல் ஒதுங்கி நிற்க இடம், ஓரத்தில் குடை பிடித்து நடக்க முடிகிற நடைபாதை. இரண்டையும் ஒப்பிட வேண்டும். மேடை ஜெயித்தால் மேடையைக் கட்டுங்கள். "எங்க கம்பெனி இதுக்குப் பணம் தராது அத்தை" என்றான். தராதுதான். அதனால்தான் இந்த மாதிரி ஆராய்ச்சியைக் கருவி விற்கிறவர்கள் மட்டும் திட்டமிடக் கூடாது. சென்னை ஐஐடியில் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நாடு முழுக்கப் போலீஸ்காரர்கள் விபத்தைப் பதிவு செய்கிற ஐராட் என்கிற தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் சென்னை ஐஐடிக்காரர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் கேள்வியை எழுதட்டும், கம்பெனிக்காரர்கள் பெட்டியைச் செய்யட்டும்.

ஒன்றும் செய்யாமல் விட்டு ஒப்பிடுவதற்கு ஒரு நிறுத்தம் வேண்டுமே என்று அவன் கேட்டபோது நான் தடுமாறிப்போனேன். கணக்குப்படி வேண்டும்தான். ஆனால் படந்தாலுமூடு, திருத்துவபுரம், குழித்துறை என்று எந்த நிறுத்தத்தை எடுத்தாலும் காலை எட்டரை மணிக்கு யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் இறங்குகிறார்கள். எந்த நிறுத்தத்துப் பிள்ளைகளை ஒப்பீட்டுக்காக விட்டுவைப்பது? கடைசியில் ஒரு வழி கிடைத்தது. எல்லா நிறுத்தத்துக்கும் உண்டு, ஆனால் ஒரே நாளில் இல்லை. யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் போட்டு எடுப்பது. காத்திருக்கிற நிறுத்தம் காத்திருக்கிற வரை ஒப்பீட்டுக்கு உதவும், பிறகு அதற்கும் கிடைக்கும். எம்எல்ஏ ஊர், கவுன்சிலர் வீட்டு வாசல் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

அப்புறம் எல்லை. இது நம்ம ஊருக்கே உரிய தலைவலி, ஆனால் அதனாலேயே ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் இது ஒரே ரோடு. அரசர் காலத்துச் சிமெண்டு ரோடு என்று என் அப்பா சொல்வார். இப்போது நம்ம பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே இஞ்சிவிளைக்குப் போனால் வேறு மாநிலம், வேறு போலீஸ், வேறு பஸ் கழகம். அந்தப் பக்கம் கேரள அரசு 2023 ஜூன் 5 முதல் ஏஐ கேமரா வைத்து அபராதம் போடுகிறது, மாநிலம் முழுக்க 726 கேமராக்கள். நம்ம பையன்கள் என்ன செய்கிறார்கள்? இஞ்சிவிளை வரும்போது ஹெல்மெட் தலையில் ஏறும், திரும்பி வரும்போது பெட்ரோல் டேங்குக்கு இறங்கிவிடும். என் பேரனும் இதில் சேர்த்தி. பதிவைப் படிக்கிறான் என்று தெரியும்.

இரண்டு மாநிலமும் தனித்தனியாக டெண்டர் விட்டு, தனித்தனிப் பெட்டி வாங்கினால் என்ன ஆகும்? திருவனந்தபுரத்திலிருந்து வருகிற பஸ் சொல்வது நம்ம கம்பத்துக்குப் புரியாது. நாகர்கோவில் பஸ் சொல்வது பாறசாலைக் கம்பத்துக்குக் கேட்காது. வெளிநாட்டிலேயே இப்படி அடி வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1999-ல் இதற்கென்று 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒதுக்கினார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் அதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2020 நவம்பரில் அதில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மீதியையும் வேறு வகை ரேடியோவுக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். பழைய ரேடியோவைக் கம்பத்தில் மாட்டியிருந்த ஊர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. ஆகவே எல்லா ஊரிலும் சோதித்துவிட்டு எல்லையைக் கடைசியில் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். எல்லையில் முதலில் சோதியுங்கள். களியக்காவிளையில் வேலை செய்கிற பெட்டி வாளையாறிலும் வேலை செய்யும், ஓசூரிலும் வேலை செய்யும்.

கேமராவைச் சொன்னேனே, அதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. கேமரா பார்க்கும், சீட்டு அனுப்பும், எச்சரிக்காது. ஜனங்களுக்குக் கம்பத்தில் எதைக் கண்டாலும் இப்போது அபராத ஞாபகம்தான். பஸ்ஸில் வைக்கிற பெட்டி டிரைவர்மேல் மெமோ கொடுக்கப் பயன்படும் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாள் அதன் ஒயர் தானாகக் கழன்றிருக்கும். நியூயார்க்கில் ஓட்டுநர்களின் தரவிலிருந்து இடத்தையும் நேரத்தையும் அடையாளம் தெரியாதபடி அழித்துவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். இங்கேயும் முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும், இந்தத் தரவை வைத்து யார்மேலும் நடவடிக்கை கிடையாது என்று. டிரைவர், கண்டக்டர் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். என் மாணவர்களில் பஸ் ஓட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். எந்த நிறுத்தத்தில் வயிறு கலங்கும் என்று உங்களுக்குத் தெரிந்தது எந்த ஜிபிஎஸ்ஸுக்கும் தெரியாது.

இன்னொன்று மழை. நமக்கு வருஷத்தில் இரண்டு மழை, ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு எச்சரிக்கை விளக்குக்காக நாலு மனு கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. விளக்கு வந்தது, ஒரு திறப்பு விழாவும் நடந்தது, எனக்குச் சால்வை போட்டார்கள். இரண்டாவது மழையில் அணைந்தது. பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்று கேட்டுப் போனபோது, வைத்தது ஒரு பிரிவு, பராமரிப்பு வேறு பிரிவு என்றார்கள். கம்பம் இப்போதும் நிற்கிறது, தேர்தல் சமயத்தில் கொடி கட்டுகிறார்கள். சோதனை முடிந்து கம்பெனிக்காரர்கள் பெங்களூருக்குப் போன பிறகு யார் ஏணி எடுத்துக்கொண்டு ஏறுவார், அந்தச் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படும் என்று திட்டத்திலேயே ஒரு பக்கம் வேண்டும். சோதனை இரண்டு மழையையும் பார்க்க வேண்டும். சித்திரையில் மட்டும் சோதித்தால் எல்லாக் கருவியும் பாஸாகிவிடும்.

மருமகன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான். புதன்கிழமை கூப்பிட்டான். முதல் பக்கத்துப் படத்தை மாற்றிவிட்டானாம். இப்போது அதில் ஒரு பஸ் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது, முன்னால் ஒரு பெண் பையோடு நிற்கிறாள். மேலதிகாரி ஒத்துக்கொள்வாரா தெரியாது என்றான். "இந்த நிறுத்தங்களைப் பத்தி ஏதாவது கணக்கு இருக்கா அத்தை, வெறும் பேச்சா இருந்தா தள்ளிடுவாங்க" என்று கேட்டான்.

கணக்கு என்னிடம் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் நானும் பக்கத்து வீட்டு பிளஸ் டூ பிள்ளையும் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு மணி நேரம் நின்று எண்ணினோம். அந்த எண்ணை இங்கே போடமாட்டேன். ஒரு மணி நேரத்தை வைத்துப் பேசினால் உங்களுக்கே நான் சைபர் போட்டிருப்பேன்.

ஆகவே ஒரு உதவி. வருகிற திங்கள் முதல் சனி வரை, காலை 8 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 7 வரையும் எண்ண ஆள் வேண்டும். களியக்காவிளை, படந்தாலுமூடு, திருத்துவபுரம், குழித்துறை, அந்தப் பக்கம் இஞ்சிவிளை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு பேர். ஒருத்தர் நின்ற பஸ்களை எண்ண வேண்டும், ஒருத்தர் அந்த நேரத்தில் முந்திய வண்டிகளையும் நடுரோட்டில் நின்றுபோன ஆட்களையும் எண்ண வேண்டும். கட்டம் போட்ட தாள் நான் தருகிறேன். பாறசாலைப் பக்கம் கல்யாணம் முடித்துப் போன பிள்ளைகள் இஞ்சிவிளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கணக்கைக் கூட்டிச் சரிபார்த்துத் தந்தால் போதும்.

வருகிறவர்கள் குடை கொண்டுவாருங்கள். ரோட்டில் இறங்கி எண்ணக் கூடாது, கடைத் திண்ணையில் நின்று எண்ண வேண்டும். பென்சில் போதும், பேனா மழையில் அழிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
களியக்காவிளை